கிளாக்குல ஏன் நாலு குச்சி

ஆத்தா,

நல்லாருக்கியா, மாப்ளைய கேட்டதா சொல்லு. பேரன் போன்ல கேட்டானே, புக்குல நாலுக்கு ஐ போட்டு வி போட்டுருக்கு, தாத்தா கடை கிளாக்குல மட்டும் ஏன் நாலு குச்சி நிக்குதுன்னு, டவுன்ஹால் ரோட்டு சத்தத்துல அதெல்லாம் வெளக்க முடியல, அதான் டைப் பண்றேன், படிச்சுக் காட்டு.

அது ரோமன் எண்ணு, மொத்தமே ஏழு இங்கிலீஷ் எழுத்துதான். ஐ ஒண்ணு, வி அஞ்சு, எக்ஸ் பத்து, எல் அம்பது, சி நூறு, டி ஐநூறு, எம் ஆயிரம். கல்லாவுல பணம் எண்ற மாதிரி பெரிய நோட்டுல ஆரம்பிச்சு சில்லறை வரைக்கும் கூட்டிக்கிட்டே வரணும், பெருசுக்கு முன்னாடி சின்னது நின்னா மட்டும் கழிக்கணும். பிள்ளைங்க தடுமாறுறது இங்கதான். 99க்கு ஐ சின்னு போட்டுருவான், நூறுல ஒண்ணு கம்மிதானன்னு நம்மளயே மடக்குவான். அப்பிடி போடக்கூடாது. ஐ நிக்கிறது வி, எக்ஸ் ரெண்டுக்கு முன்னாடி மட்டும், எக்ஸ் நிக்கிறது எல், சிக்கு முன்னாடி, சி நிக்கிறது டி, எம்முக்கு முன்னாடி. அதனால 99ஐ 90, 9ன்னு பிரிச்சு எக்ஸ் சி ஐ எக்ஸ்.

ஆனா ரோமாபுரிக்காரங்களே இத இம்புட்டு கறாரா பாக்கல. அங்க கொலோசியம்ங்கிற பழைய அரங்கத்துல 54ஆம் வாசல்ல எல் போட்டு நாலு ஐ வெட்டிருக்காங்க, இன்னிக்கும் இருக்கு. கிளாக்குக்காரங்களும் அதையே புடிச்சுக்கிட்டாங்க. காரணம் ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க, தெனமும் டயலயே பாக்குற எனக்கு அழகுன்னுதான் படுது. ஒண்ணுலருந்து நாலு வரைக்கும் வெறும் ஐ, அஞ்சுலருந்து எட்டு வரைக்கும் வி, ஒம்பதுலருந்து பன்னெண்டு வரைக்கும் எக்ஸ், நாலு நாலா பிரிஞ்சு நிக்கும், எதுத்தாப்ல எட்டு அம்புட்டு கனமா இருக்கதுக்கு இந்தப் பக்கம் நாலு குச்சி சமமா இருக்கும்.

அப்பிடியே நம்ம எண்ணையும் காட்டிரு. ௨ ரெண்டு, ௪ நாலு, ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். நம்மளும் பழைய முறையில பூஜ்யம் இல்லாமத்தான் எழுதுனோம், ஆனா முன்னாடி சின்னது நின்னா அவங்க கழிப்பாங்க, நம்ம பெருக்குவோம். 200க்கு அவங்க சி சி, நமக்கு ௨௱. அவன் பொறந்த 2014 அங்க எம் எம் எக்ஸ் ஐ வி, இங்க ௨௲௰௪. அந்த ரோமானியங்க காசு நம்ம வைகை கடல்ல சேர்ற அழகன்குளத்துலயே கெடச்சிருக்குத்தா, அதயும் சொல்லு.

444ஐ ரெண்டு வழியிலயும் எழுதச் சொல்லி போட்டோ அனுப்பு, நான் திருத்தித் தாரேன்.

அப்பா