மீன்கார அக்காவின் ஐஸ் பெட்டிக்கு நன்றி

கடலூர் முதுநகரில் எங்கள் தெருக்காரர்களுக்கும், துறைமுகத்து மீன்கார அக்காவுக்கும் வணக்கம்.

நேற்று இரவு பாம்பு சட்டை உரித்தது. மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை கிழியாத ஒரே சட்டை. இரண்டு கண்களின் மேல்தோலும் அதிலேயே வந்திருக்கின்றன. விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு உடனே எழுதுகிறோம்.

அது எந்தக் கோலத்தில் வந்தது என்பது தெருவுக்கே தெரியும். மூன்றரை அடி 'பால் பைத்தான்' (Ball python), பந்துபோலச் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு வகை. எடை 710 கிராம். முதுகெலும்பு கூரை முகடாகத் துருத்தி நின்றதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அக்கா, புயல் ராத்திரி கரண்ட் போய் அறை 23 டிகிரிக்கு இறங்கிவிட்டது. 2011 தானே புயலைப் பார்த்த ஊர் இது. கரண்ட் உடனே வருமென்று யாரும் நம்பி உட்காரவில்லை. பாம்பு தன் உடம்பில் சூடு உண்டாக்கிக்கொள்ளாது. ஏற்கெனவே மூச்சில் சளி கட்டியிருந்தது. அந்தக் குளிர் நீடித்திருந்தால் பிழைத்திருக்காது. "அந்தப் பூச்சிக்குக் குளிரக் கூடாதாமே" என்று, மறுநாள் வியாபாரத்துக்கான தெர்மாகோல் பெட்டியை நனைந்தபடி தூக்கி வந்தீர்கள். கவிச்சி போகப் புளி போட்டுத் தேய்த்தும் இருந்தீர்கள். பாம்பின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை, அவ்வளவு பயம். அந்தப் பயத்தோடு வந்தீர்களே, அதை எப்படிச் சொல்வது!

மேல் விளிம்பை ஒட்டிப் பக்கத்துக்கு ஆறாகப் பென்சிலால் துளை போட்டோம். துளை இல்லாவிட்டால் உள்ளே வேர்த்து, ஈரத்தில் சளி முற்றும். ஒரு லிட்டர் பாட்டில் இரண்டில் வெந்நீர் நிரப்பி, தடித்த துண்டு சுற்றி, ஒரு கோடியில் வைத்து அட்டையால் தடுத்தோம். வெறும் பாட்டில் என்றால் பாம்பு அதன்மேலேயே படுத்து வயிறு வெந்துபோகும். சூடான கோடியில் 31, மறு கோடியில் 26 டிகிரி. மூன்று மணிக்கொருமுறை தண்ணீர் மாற்றியதில் விடியும்வரை இறங்கவே இல்லை.

அடுப்பை அணைக்காமல் வெந்நீர் போட்டுத் தந்த எதிர்வீட்டு அம்மா, ஊசி போட்ட டாக்டர், வாடகை வாங்காத ஆட்டோ அண்ணன், தேங்காய் நார்த்தூள் கொடுத்த கயிற்றுக்கடைக்காரர், எல்லாருக்கும் நன்றி. ஈரமான அந்த நார்த்தூள் இல்லையென்றால் சட்டை இப்படிக் கழன்றிருக்காது. காய்ந்த தோலைக் கையால் உரிக்கக் கூடாது. கண் மேல்தோலை இழுத்தால் பார்வையே போய்விடலாம்.

பால் கொண்டுவந்தவர்களின் மனசும் புரிந்தது. ஆனால் பாம்புக்குப் பால் செரிக்காது. முதலில் தண்ணீர்தான், ஒரு வாரம். பிறகு 30 கிராம் சுண்டெலி ஒன்று. பட்டினி கிடந்த உடம்புக்குப் பெரிய இரை கொடுத்தால் கக்கிவிடும். ரத்தத்தில் உப்புகளின் அளவு சட்டென்று சரிந்து உயிரே போகலாம். அதனால்தான் "இன்னும் கொஞ்சம் குடுங்களேன்" என்றவர்களிடம் மறுத்தோம். கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்றைய எடை 790 கிராம்.

அக்காவுக்குப் புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்தாயிற்று. பழையது துளை, தடுப்பு, வெப்பமானியோடு எங்கள் திண்ணையிலேயே இருக்கும். கரண்ட் போன ராத்திரி குஞ்சுக்கோ குட்டிக்கோ குளிர்ந்தால், கதவைத் தட்டாமலே எடுத்துப் போங்கள்.