வீட்டிலேயே படிக்க வைப்பவர்களுக்கு ஒரு வழி சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் இரண்டு பிள்ளைகளையும் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கிறேன். முதல் மாதம் காலை ஒன்பது மணிக்கு உட்கார வைத்து, மணி அடிக்காத குறையாக நடத்தினேன், மூன்று பேருக்கும் அழுகைதான் மிச்சம். அப்புறம் விட்டுவிட்டேன். புதிதாகத் தொடங்குபவர்கள் தயவுசெய்து முதலில் கொஞ்ச நாள் பிள்ளையைச் சும்மா விடுங்கள்.

ஏற்காடு போகும் வழியில் சின்னவன் ஒரு வெள்ளைக்கல்லைப் பொறுக்கி வந்து, சுண்ணாம்பா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தான். அது மேக்னசைட், உலைக்களச் செங்கல்லுக்குப் போவது என்று தேடிப் படித்ததில் ஒரு வாரம் ஓடியது, அதில் வேதியியலும் வந்தது, சேலத்து வரைபடமும் வந்தது.

சரி, சான்றிதழ்? எல்லோரும் கேட்பது இதைத்தான். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம், தமிழிலும் எழுதலாம். ஆனால் 2009 கல்வி உரிமைச் சட்டம் வீட்டுக்கல்வியைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லாததால், விவரம் கேட்டுப் போன அலுவலகத்தில் 'இடைநின்ற குழந்தை' என்று எழுதிக்கொண்டார்கள், அந்த வார்த்தையைப் பெரியவள் படித்துவிட்டாள்.

பள்ளிக் கல்வித்துறை ஒரு பக்க வழிகாட்டி வெளியிட்டாலே போதும். அதை உங்கள் நாளிதழ் கேட்க வேண்டும்.

ஒரு தாய்,
அஸ்தம்பட்டி, சேலம்.