மலாக்காவுக்குப் புறப்படும் சுந்தரத்துக்கு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்தைச் சாக்கிட்டு மகன் வீட்டில் நன்றாகத் தங்கிவிட்டு வரப் போகிறாய், அதுவும் மலாக்காவில் என்று படித்ததும் எனக்குப் பொறாமைதான். இங்கே எல்லோரும் நலம். கமலாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது வீட்டு மூலையில் உள்ள தூசியெல்லாம் அவள் கண்ணுக்குத் தெரிகிறது. துடைக்கும் பாடு என்னுடையது.

மலாக்காவில் உஜோங் பாசிர் பக்கம், கடலை ஒட்டி, போர்ச்சுகீசியர் குடியிருப்பு ஒன்று உண்டு. அவசியம் போ. 1511இல் போர்ச்சுகீசியர் பிடித்த ஊரை 1641இல் டச்சுக்காரர்கள் பறித்துக்கொண்டார்கள். ஆட்சி போயிற்று, பேச்சு தங்கிவிட்டது. அங்குள்ள பெரியவர்கள் பேசுவது கிறிஸ்தாங், போர்ச்சுகீசியத்திலிருந்து பிறந்த ஒரு கலப்பு மொழி. அதை 'உடைந்த போர்ச்சுகீசியம்' என்று யாராவது சொன்னால் தலையாட்டி வைக்காதே. அப்படிச் சொல்வதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

போர்ச்சுகீசிய வினை நம் வினையைப் போல ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப விகுதி மாறும். கிறிஸ்தாங் அவற்றை உதறிவிட்டது. சாப்பிடுவது நானோ நீயோ அவர்களோ, 'குமி' ஒன்றுதான். முன்னால் நிற்கும் சிறு சொல் மற்றதைப் பார்த்துக்கொள்கிறது. 'எலி ஜா குமி' என்றால் அவன் சாப்பிட்டுவிட்டான். 'எலி தா குமி', சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். 'எலி நெனாங் குமி', இன்னும் சாப்பிடவில்லை.

இந்தத் 'தா'வை நிகழ்காலம் என்று எடுத்துக்கொள்ளாதே. நான் போய்ச் சேர்ந்தபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான் என்பதற்கும் 'எலி தா த்ருமி'தான். எப்போது என்ற கேள்வியை அது மற்ற சொற்களுக்கு விட்டுவிடுகிறது. முடிந்ததா, நடந்துகொண்டிருக்கிறதா என்பதே அதன் கவலை. அக்கம்பக்கத்து மலாய் மொழியும் இதே போக்குடையது. முடிந்ததற்கு 'சுடா', நடந்துகொண்டிருப்பதற்கு 'செடாங்', இரண்டும் வினைக்கு முன்னால்தான் வரும்.

ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கேப் வெர்டே தீவுகளிலும் போர்ச்சுகீசியத்திலிருந்து பிறந்த ஒரு பேச்சு உண்டு; அங்கே அதே 'தா'வுக்கு வேறு வேலை. 'மரியா தா குமே' என்பது ஏறக்குறைய நம் 'சாப்பிடுவாள்'. வழக்கத்துக்கும் ஆகும், இனி நடப்பதற்கும் ஆகும். சிறு சொல்லே இல்லாமல் 'மரியா குமே' என்றால் சாப்பிட்டாள். ஆனால் 'மரியா சபே' என்றால் மரியாவுக்கு இப்போது தெரியும். வெறும் வினை செயலைச் சொன்னால் நடந்து முடிந்தது, நிலையைச் சொன்னால் இன்றும் இருப்பது.

என்னைத் தூங்கவிடாதது இலங்கையில் மட்டக்களப்புப் பறங்கியர், அதாவது போர்ச்சுகீசிய வழிவந்தவர்கள், பேசும் பேச்சு. தலைமுறை தலைமுறையாகத் தமிழோடு புழங்கியதில் வினை வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விட்டது. வேற்றுமை உருபு நம்மைப் போலவே பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. 'தா'வும் 'ஜா'வும் மட்டும் வினைக்கு முன்னால் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஆனால் பொருள் நகர்ந்துவிட்டது: அங்கே 'தா' நிகழ்காலம், 'ஜா' இறந்தகாலம், 'லோ' எதிர்காலம். தமிழன் வினைமுற்றைச் சொன்னால் பெரும்பாலும் காலத்தையும் சேர்த்துத்தானே சொல்கிறான்? அந்தப் பழக்கம் அண்டை வீட்டுக்காரனுக்கும் தொற்றியிருக்க வேண்டும். ஒரே போர்ச்சுகீசியச் சொற்கள். மலாய்க்காரரோடு வாழ்ந்தவர்களிடம் ஒரு மாதிரி, நம்மவரோடு வாழ்ந்தவர்களிடம் வேறு மாதிரி.

ஆகவே எனக்கு ஒரு வேலை செய். அங்கே யாராவது பாட்டியிடம் நேற்று நடந்த ஏதாவது ஒரு கதையைச் சொல்லச் சொல்லி, 'தா' எங்கெங்கே வருகிறது என்று குறித்து அனுப்பு. பேச்சுக்கு நடுவே கறி டெபல் கொடுத்தால் மறுக்காதே, காரம் உனக்குத் தாங்கும். மாத்திரைகளை மறக்காமல் எடுத்துப் போ.

அன்புடன்,
ராமநாதன்