மே குளோங் ஆற்றில் அரை நாள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வேர் வாடல் நோய் வந்து கிழக்குத் தோட்டத்தில் பாதி மரத்தை வெட்டிவிட்டேன் என்று நீ எழுதியிருந்ததை பாங்காக்கில் ஓட்டல் அறையில் உட்கார்ந்துதான் படித்தேன். மிச்ச மரங்களைக் காய்க்கு விடுவதா, இல்லை நீரா, அதாவது புளிக்காத தென்னம்பாளைச் சாறு, இறக்க விடுவதா என்று என்னிடம் போய் யோசனை கேட்டிருக்கிறாய். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், தென்னையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் போன வாரம் தாய்லாந்தில் ஒரு ஆற்றில் அரை நாள் படகில் சுற்றினேன், அதில் பார்த்த ஒரு இடத்தைப் பற்றி உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும். அதனால் இது பாதி ஊர் சுற்றிய கதை, பாதி தென்னை சமாசாரம். பொறுமையாகப் படி.

ஆற்றின் பெயர் மே குளோங். பாங்காக்கிலிருந்து தென்மேற்கே எழுபது எண்பது கிலோமீட்டரில் சமுத் சோங்க்ராம் என்று ஒரு சின்ன மாகாணம், அங்கேதான் இந்த ஆறு கடலில் கலக்கிறது. சாலை வழியாக ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்கிறார்கள், ஆனால் அந்தச் சாலையில் மேம்பால வேலை எந்தக் காலத்தில் முடியும் என்பது தாய்லாந்துக்காரர்களே சொல்லிச் சிரிக்கும் விஷயம். நாங்கள் ரயிலில் போனோம். வோங்வியன் யாய் என்ற சின்ன நிலையத்தில் ஏறி மஹாசாய் வரைக்கும் ஒரு மணி நேரம், அங்கே இறங்கித் தோணியில் வேறொரு ஆற்றைக் கடந்து அக்கரையில் இன்னொரு ரயில். தண்டவாளத்தின் மேலேயே காய்கறிக் கடை விரித்திருப்பார்கள், ரயில் வரும்போது கூரைத் துணியை மடக்கிக்கொள்வார்கள் என்று வீடியோவில் பார்த்திருப்பாயே, அந்தச் சந்தைக்குள்தான் இந்த ரயில் போய் நிற்கிறது. அங்கே ரயில்பெட்டியை விட செல்போன் பிடித்தவர்கள்தான் அதிகம். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

என்னோடு வந்தது ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஒரு தாய்லாந்துப் பெண்ணும் அவர் வீட்டுக்காரரும். அவர் பாட்டி ஊர் அந்தப் பக்கம்தான் என்பதால் எல்லாம் சுலபமாக நடந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி அம்பவா என்ற இடத்தில் கால்வாய் ஓரம் மரவீடு ஒன்றில் தங்கினோம். அம்பவா மிதக்கும் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்தான், அதுவும் மதியத்துக்கு மேல்தான் சூடு பிடிக்கும். சாலைகள் வந்ததும் படகு வியாபாரம் படுத்து, சந்தையே இல்லாமல் போய், 2004-ல்தான் மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். மதியம் கிளம்பும் பொதுப் படகுகளில் தலைக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தால் ஐந்து கோவில்களைக் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விடுவார்கள். எனக்கு அந்த ஓட்டம் ஒத்துவராது என்று சொன்னதால், பேரம் பேசி ஒரு படகை எங்களுக்கென்று பிடித்து, சனிக்கிழமை காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பினோம். நீ போனால் இப்படியே செய், பொதுப் படகில் ஏறாதே.

படகைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், உனக்கு மோட்டார் என்றால் உயிராயிற்றே. ஒடுங்கின, நீளமான மரப்படகு. பின்னால் பழைய கார் இன்ஜினைக் கழற்றி அப்படியே ஒரு அச்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து இரண்டு ஆள் நீளத்துக்கு இரும்புத் தண்டு, நுனியில் விசிறி. தண்டை ஆட்டினால் படகு திரும்பும், தண்ணீர் குறைந்த இடம் வந்தால் தண்டை லேசாகத் தூக்கிக்கொண்டு போய்விடலாம், சேற்றில் மாட்டாது. கியர் கிடையாது, சுக்கான் கிடையாது. காது கிழிகிற சத்தம்தான் ஒரே குறை. முன்மூக்கில் கலர் துணியும் பூமாலையும் கட்டியிருந்தார்கள், படகைக் காக்கிற மே யா நாங் என்ற அம்மனுக்காம். ஏறும்போது அதன் மேல் கால் பட்டுவிடக் கூடாது. நம் லாரிக்காரர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்!

படகுக்காரர் அறுபது தாண்டியவர். முதல் வேலையாக ஒரு நோட்டைப் பார்த்தார். அன்றைக்குக் கடல் ஏற்றத்தில் வெள்ளம் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு வடியும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. எங்கே முதலில் போவது, எந்த வாய்க்காலுக்குள் நுழையலாம் என்பதெல்லாம் அதை வைத்துத்தான். கடல் பக்கம் என்பதால் ஏற்றவற்றம் ஆற்றுக்குள் வெகுதூரம் வருகிறது. அந்த ஊர் விவசாயமே அதை நம்பித்தான் இருக்கிறது என்பது தோப்புகளைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. களிமண் சேற்று நிலத்தில் நீளநீளமாகப் பள்ளம் வெட்டி, அந்த மண்ணையே இரண்டு பக்கமும் கொட்டி மேடாக்கி, மேட்டில் தென்னை, பம்பளிமாஸ், லிச்சி. வெள்ளம் ஏறும்போது சின்ன மடையைத் திறந்தால் பள்ளமெல்லாம் ஆற்றுத் தண்ணீர் நிறைகிறது, மூடிவிட்டால் அதுவே பாசனம். போர்வெல்லும் இல்லை, மோட்டாரும் இல்லை, கரண்ட் எப்போது வரும் என்று ராத்திரி கண்விழிக்கவும் வேண்டாம். பள்ளத்தில் படிகிற வண்டலை வாரி மறுபடி மேட்டில் போட்டால் அதுதான் உரம். ஆயிரம் அடி போட்டும் தண்ணீர் வரவில்லை என்று புலம்புகிற உனக்கு இதைப் படித்தால் வயிறு எரியும், தெரியும். ஆனால் அவர்களுக்கும் தலைவலி இருக்கிறது. கோடையில் மேலே அணைகளில் திறக்கிற தண்ணீர் குறைந்தால் கடல் உப்பு ஏறி வந்துவிடுகிறது. லிச்சிக்கு வேறு, டிசம்பரில் குளிர் போதவில்லை என்றால் அந்த வருஷம் பூவே வைக்காது.

முதலில் இறங்கியது பாங் குங் என்ற இடத்தில். சின்னக் கோவில்தான், ஆனால் அரசும் ஆலும் இன்னும் அந்தக் குடும்பத்து மரங்களும் சேர்ந்து வேர்விட்டுச் சுவர் முழுக்க மூடிவிட்டன. ஜன்னலும் வாசலும் மட்டும்தான் தெரிகின்றன. வேர்கள்தான் இப்போது கட்டிடத்தைத் தாங்கி நிற்கின்றன, வெட்டினால் சுவர் விழும் என்கிறார்கள். உள்ளே புத்தர் சிலை, ஆளாளுக்குத் தங்கத் தாள் ஒட்டி ஒட்டி முகமே மினுங்குகிறது. 1767-ல் பழைய தலைநகரம் அயுத்தியா பர்மியர்களிடம் விழுந்த பிறகு, தாக்சின் என்ற அரசர் இங்கே சீனர்களைத் திரட்டி ஒரு படைமுகாம் வைத்திருந்தார். பர்மியப் படை வந்து வளைத்துக்கொண்டபோது அவரே வந்து விரட்டிவிட்டார். அதே 1767-ல்தான் இரண்டாம் ராமா என்று பின்னால் அரசரானவர் அம்பவாவில் பிறந்திருக்கிறார். தலைநகரம் எரிந்த வருஷத்தில் தென்னந்தோப்புக்கு நடுவில் ஒரு அரசர் பிறந்திருக்கிறார், பார்த்துக்கொள். ஒட்டிப் பிறந்த சாங், எங் இரட்டையர்கள் பிறந்ததும் இதே ஆற்றங்கரைதான், 1811-ல்.

பாங் கே நொய் என்று இன்னொரு கோவில். உள்சுவர் நாலு பக்கமும் தேக்கில் புத்தர் கதையைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நம் ஊர் தேர்ச் சிற்பம் செய்கிறவர்கள் பார்த்தால் ஒரு நாள் முழுக்க அங்கேயே நின்றுவிடுவார்கள். மற்ற கோவில்களை நான் படகிலிருந்தே கும்பிட்டுக்கொண்டேன். மேலே பாங் நோக் குவெக் என்ற இடத்தில் ஆற்றங்கரையில் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் 1890-ல் கட்ட ஆரம்பித்த தேவாலயம் ஒன்று இருக்கிறது. கூரான கோபுரமும் வண்ணக் கண்ணாடியுமாக, சுற்றிலும் தென்னை. பக்கத்தில்தான் தம்னோன் சதுவாக் கால்வாய் ஆற்றில் சேர்கிறது. 32 கிலோமீட்டர், 1866-ல் ஆரம்பித்து இரண்டு வருஷத்தில் மனிதக் கையாலேயே வெட்டி முடித்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்துச் சர்க்கரையும் பழமும் பாங்காக் போனது அந்த வழியில்தான்.

அங்கே படகை நிறுத்தி டீ குடிக்கும்போது, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். காஞ்சனபுரியிலிருந்து என்றார் படகுக்காரர். க்வே நொய், க்வே யாய் என்ற இரண்டு ஆறுகள் அங்கே சேர்ந்துதான் மே குளோங் ஆகிறதாம். எனக்குச் சட்டென்று உறைத்தது. 1942-43-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டானே, மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோய்க் காலராவுக்கும் பட்டினிக்கும் கொடுத்தானே, அது இந்த க்வே நொய் கரையோரம்தான். உங்கள் பெரிய தாத்தாவின் தம்பி மலேயா போனவர் திரும்பவே இல்லை என்று உன் பாட்டி சொல்வது ஞாபகம் வந்தது. அவர் அங்கே போனாரா என்பது நமக்குத் தெரியப்போவதில்லை. காஞ்சனபுரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கிட்டத்தட்ட ஏழாயிரம் கல்லறைகள், ஒவ்வொன்றிலும் பலகை வைத்து, புல் வெட்டி, அழகாகப் பராமரிக்கிறார்கள். செத்த தமிழர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பெயர் எழுதின கல் கூட இல்லை. கூட வந்த பெண்ணிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் அந்த ரயிலைப் பற்றிப் படித்திருக்கிறாராம், ஆனால் தமிழர்களைப் பற்றி யாரும் சொன்னதில்லையாம். அடுத்த தடவை காஞ்சனபுரிக்குப் போக வேண்டும்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். திரும்பும் வழியில் வெள்ளம் ஏறியிருந்ததால் ஒரு குறுகிய வாய்க்காலுக்குள் படகை விட்டார். ஓலைகள் தலையில் உரச உரசப் போய் ஒரு வீட்டுப் படித்துறையில் நின்றோம். தென்னஞ்சர்க்கரை காய்ச்சுகிற வீடு. புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர், வயசு அறுபதுக்கு மேல். பிள்ளைகள் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் வேலைக்குப் போய்விட்டார்கள். கதை அங்கேயும் அதேதான்.

மரம் ஏற ஆள் கிடைக்கவில்லை என்று நீ சொல்கிறாயே, அவர்கள் ஒவ்வொரு மரத்திலும் ஒரு மூங்கிலை நிரந்தரமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். மூங்கிலின் கணுக்களில் கிளை முளைகளை வெட்டாமல் கால் வைக்கிற அளவுக்கு விட்டிருக்கிறார்கள், அதுவே ஏணி. அந்தப் பெரியவர் அதில் காலையும் சாயங்காலமும் ஏறி இறங்குகிறார். பாளையைச் சீவிக் குழாயை மாட்டுவது நம் ஊர் மாதிரிதான். வித்தியாசம் என்னவென்றால் சுண்ணாம்பு தடவுவதில்லை. குழாய்க்குள் ஒரு காட்டு மரத்தின் சிராய்களைக் கொஞ்சம் போடுகிறார்கள், பயோம் என்றோ கியம் என்றோ பெயர், துவர்ப்பான மரம். அந்தத் துவர்ப்பு இருப்பதால் பதநீர் சீக்கிரம் புளிப்பதில்லை. ஒரு டம்ளர் குடித்துப் பார்த்தேன். இனிப்புக்குப் பின்னால் லேசாக ஒரு துவர்ப்பு வந்தது, சுண்ணாம்பு வாடை துளியும் இல்லை.

காய்ச்சுகிற இடம் ஒரு நீளமான மண் அடுப்பு. ஒரு முனையில் தீ, மறுமுனையில் புகைபோக்கி, நடுவில் வரிசையாகப் பெரிய வாணலிகள். மட்டை, பாளை, கொட்டாங்குச்சி, உரிமட்டை எல்லாம் அவர்கள் தோப்பிலிருந்தே வருகிற விறகு, ஒரு காசு செலவில்லை. நுரை பொங்கி வழியும் நேரத்தில் அடிப்பக்கமும் மேல்பக்கமும் திறந்த ஒரு பெரிய மூங்கில் கூடையை வாணலிக்குள் நிறுத்திவிடுகிறார்கள், நுரை அதற்குள்ளேயே ஏறி அடங்கிவிடுகிறது. கருப்பட்டி காய்ச்சுகிறவர்கள் நம் பக்கம் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவார்களே, அதற்குப் பதில் இது. பாகு இறுகி வந்ததும் இறக்கி, கம்பிச் சுருள் மாட்டின கோலால் வேகமாக அடித்து, வெளுத்து வரும்போது கிண்ணங்களில் ஊற்றுகிறார்கள். ஒரு கிலோவுக்கு ஏழெட்டு லிட்டர் பதநீர் வேண்டும்.

அந்த அம்மா ஒரு விஷயம் சொன்னார், உனக்கு உதவும். கடையில் விற்கிற தென்னஞ்சர்க்கரையில் நிறைய வெள்ளைச் சர்க்கரை கலந்தது. கலந்தது கல் மாதிரி இறுகி மாசக்கணக்கில் அப்படியே இருக்கும். சுத்தமானது வெயில் நாளில் இளகிக் கொழகொழவென்று ஆகிவிடும். பார்க்க நன்றாக இல்லை என்று ஜனங்கள் கலப்படத்தைத்தான் வாங்குகிறார்கள். அதனால் அந்த வீட்டில் கடைக்குப் போடுவதையே விட்டுவிட்டு, வாய்க்காலில் வந்து வாங்குகிறவர்களுக்கும் சில ஓட்டல்களுக்கும் மட்டும் கொடுக்கிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. நம் ஊரில் நீராவுக்கு 2017-லேயே அனுமதி வந்துவிட்டது, ஆனாலும் எல்லாரும் அதை பாட்டில் பானமாக விற்பதைப் பற்றியே பேசுகிறார்கள். குளிர்பெட்டி, வண்டி, உரிமம், கள்ளு இறக்குகிறானோ என்ற சந்தேகம் என்று ஆயிரம் தொல்லை. நீ காய்ச்சு. உரிமம் எப்படியும் வாங்கித்தான் ஆகவேண்டும், ஆனால் சர்க்கரை ஆனபிறகு புளிக்கும் என்ற பயம் இல்லை. நோய் வராத மரத்தில் ஒரு இருபதை மட்டும் விட்டுப் பார், மொத்தத் தோப்பையும் வைத்துச் சூதாடாதே. விறகு உன்னிடம் மலை போலக் கிடக்கிறது, வெட்டின மரத்தை என்ன செய்வது என்றுதானே முழிக்கிறாய்.

மதியம் அம்பவா வந்து சாப்பிட்டோம். அந்த ஊருக்கு ப்ளா தூ என்ற மீன்தான் பேர்போனது, நம் கானாங்கெளுத்திக்குச் சொந்தக்காரன். சின்ன மூங்கில் தட்டில் அடங்கவேண்டும் என்று கழுத்தை மடக்கி வைத்து அவித்து விற்கிறார்கள். பொரித்துக் கொடுத்தார்கள், கூட ஒரு இறால் துவையலும் பச்சைக் காய்களும். நீ கறி மீன் சாப்பிடாதவன், உனக்கு அங்கே கஷ்டம்தான், மீன் சாறு விடாத பண்டமே கிடையாது. பம்பளிமாஸும் தேங்காய் ஐஸ்கிரீமும் வைத்து ஒப்பேற்றிக்கொள்ளலாம். ராத்திரி மின்மினி பார்க்கப் படகு போகிறது, நாங்கள் போகவில்லை. இரைச்சல் தாங்காமல் கரையில் இருக்கிறவர்களில் சிலர் மின்மினி தங்குகிற மரத்தையே வெட்டிவிட்டார்கள் என்று கூட வந்த பெண் சொன்னார், அதற்கு மேல் ஏறத் தோன்றவில்லை.

அரைக் கிலோ சர்க்கரை உனக்கென்று வாங்கி வந்திருக்கிறேன், சென்னை வெயிலில் ஏற்கெனவே இளக ஆரம்பித்துவிட்டது, அதனால் பயப்படாமல் சாப்பிடலாம். அந்த மூங்கில் கூடையையும் அடுப்பையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், நம் மூங்கில் கூடைக்காரரிடம் காட்டி முடைய முடியுமா என்று கேள். உரிமத்துக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று தென்னை உற்பத்தியாளர் சங்கத்தில் விசாரித்து எழுது, கணக்கு நான் போட்டுத் தருகிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் பழைய கூட்டாளி