மாணவர் மனித உரிமைக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும், செயற்குழுத் தோழர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கல்வியாண்டின் தொடக்கத்தில் சேர்க்கை மேஜையில் பெயர் எழுதிக் கொடுத்தவர்கள் 112 பேர். இரண்டாவது மாதக் கூட்டத்துக்கு வந்தவர்கள் 18 பேர். பழைய செயலாளர்கள் எழுதி வைத்த நோட்டுகளைப் புரட்டினால் எல்லா ஆண்டும் ஏறக்குறைய இதே நிலைதான். அதனால் பெரிய நிகழ்ச்சிகளைக் குறைத்துக்கொண்டு, சிறையில் இருப்பவர்களுக்காக அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதும் மாலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் நடத்துவது என்று செயற்குழு முடிவெடுத்தது. ஐந்து பேர் வந்தாலும் நடக்கும் என்றோம், நடத்தினோம். தேர்வு வாரங்களைத் தவிர ஒன்றுகூட விடுபடவில்லை. இரண்டு முறை அறை கிடைக்காமல் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து எழுதினோம்.

"கடிதம் போட்டால் என்ன ஆகிவிடும்?" என்று முதலாண்டு மாணவர்கள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். 1961-இல் பீட்டர் பெனன்சன் என்ற லண்டன் வழக்கறிஞர் எழுதிய ஒரு பத்திரிகைக் கட்டுரையிலிருந்துதான் அம்னஸ்டி இன்டர்நேஷனல் என்ற உலகளாவிய மனித உரிமை அமைப்பு வளர்ந்தது. கடிதம்தான் அதன் முதல் கருவி. 1973-இல் அதன் முதல் அவசர வேண்டுகோள் பிரேசிலில் கைதான லூயிஸ் ரொஸ்ஸி என்ற பேராசிரியருக்காகப் போனது. அவர் பிறகு விடுதலையானார். எல்லாருக்கும் அப்படி நடப்பதில்லை. நாம் எழுதிய கடிதங்களுக்கு இந்த ஆண்டு ஒரு பதிலும் வரவில்லை. ஆனால் உள்ளே இருப்பவரின் பெயர் வெளியே பல பேருக்குத் தெரியும் என்பது சிறை அதிகாரிக்குத் தெரிந்தால், அந்தக் கைதியைத் தொடுவதற்கு முன் அவர் ஒரு கணமாவது யோசிப்பார். அதை நான் முழுதாக நம்புகிறேன்.

ஒரு மாலை இன்னும் கண்ணில் நிற்கிறது. இயற்பியல் முதலாண்டு மாணவி ஒருவர் தன் முதல் கடிதத்தை "கொடுங்கோலர்களே" என்று ஆரம்பித்திருந்தார். பக்கத்தில் இருந்த மூத்த உறுப்பினர் அதை அடித்துவிட்டு, "மரியாதையா எழுதும்மா. யாருக்காக எழுதுற, அவருக்கு என்ன நடந்தது, நாம என்ன கேக்குறோம், இந்த மூணு போதும்" என்றார். அந்த மாணவி நான்கு முறை எழுதினார். நான்காவதில் கைதியின் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது. கிழித்துவிட்டு ஐந்தாவது முறை எழுதி, உறையை ஒட்டிய பிறகுதான் எழுந்தார். அப்புறம் ஒரு மாலையையும் அவர் தவறவிடவில்லை.

மனு மேஜை இரண்டு முறை போட்டோம். படித்துப் பார்க்காதவரிடம் கையெழுத்து வாங்குவதில்லை என்ற வழக்கத்தைக் காப்பாற்றினோம்.

இனி, வருத்தத்தோடு பதிவு செய்ய வேண்டிய ஒன்று. வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர், அதாவது அரசின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போய் எங்கே இருக்கிறார்கள் என்றே சொல்லாமல் மறைத்தவர்கள், பற்றிய கூட்டம் முடிந்த ஒரு மணி நேரத்தில் கூட்டப் படத்தை நம் பக்கத்தில் போட்டேன். போட்டது நான்தான். கடைசி வரிசையில் வெளிநாட்டு மாணவர் ஒருவர் இருந்தார். அன்று இரவே அவர் தலைவரை அழைத்து, தன் பெற்றோர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். பத்து நிமிடத்தில் படத்தை எடுத்துவிட்டோம். ஆனால் அதற்குள் சிலர் பகிர்ந்திருந்தார்கள். மறுநாள் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். கோபப்படவில்லை, ஆனால் பிறகு அவர் கூட்டத்துக்கு வரவில்லை. மனித உரிமைக்காகக் கூடிய இடத்திலேயே ஒருவருக்குப் பயத்தைக் கொடுத்துவிட்டோம். அன்றிலிருந்து நம் கூட்டங்களில் முகம் தெரியும் படம் எடுப்பதில்லை, வருகைப் பட்டியலில் முழுப்பெயர் கேட்பதில்லை. இதை விதியாகவே சேர்க்கும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

டிசம்பர் 10 அன்று மனித உரிமைப் பிரகடனத்தின் 30 பிரிவுகளையும் நூலக வாசலில் நின்று வாசித்தோம். 1948-இல் அந்த நாளில்தான் ஐ.நா. பொதுச்சபை அதை ஏற்றது: ஆதரவு 48, எதிர்ப்பு இல்லை, வாக்களிக்காமல் ஒதுங்கிய நாடுகள் 8. முதல் பிரிவில் "எல்லா ஆண்களும்" என்றும் பொருள்படக்கூடிய ஆங்கிலச் சொல்லை மாற்றி, "மனிதப் பிறவியினர் அனைவரும்" என்று வர வாதாடியவர் ஐ.நா. மனித உரிமை ஆணையத்தில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்த ஹன்சா மேத்தா. அதைச் சொல்லித்தான் வாசிப்பைத் தொடங்கினோம். அவரவர் தாய்மொழியில் வாசிக்கச் சொன்னதால், ஒருநாளும் நம் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்கூட வந்து நின்றார்கள்.

24-ஆவது பிரிவை நூலகத்தில் துப்புரவு வேலை செய்யும் அக்கா வாசித்தார். ஓய்வு, வேலை நேரத்துக்கு வரம்பு, சம்பளத்தோடு விடுமுறை ஆகியவற்றைப் பற்றிய பிரிவு அது. வாசித்து முடித்துத் தாளை மடித்துக்கொண்டே, "இது ஒப்பந்த ஆளுக்கும் உண்டா?" என்று கேட்டார். எங்களிடம் சரியான பதில் இல்லை. தூரத்துச் சிறைகளுக்கு எழுதிக்கொண்டிருந்த நாங்கள், தினமும் கடந்து போகும் வாசலைப் பார்க்கவில்லை. பிறகு மூன்று உறுப்பினர்கள் அங்கு வேலை செய்பவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் சம்மதத்தோடு, பெயர் போடாமல் வேலை நேரத்தையும் விடுப்பையும் குறித்து வைத்தார்கள். விளக்கம் கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்து இரண்டு மாதமாகிறது, பதில் இல்லை.

கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். தபால் செலவே பெரிய செலவு. செயற்குழுவில் நான்கு பேர் படிப்பு முடித்துப் போகிறோம். கடித நகல்கள், முகவரிகள், அறைக்கு விண்ணப்பிக்கும் முறை எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாமாண்டு மாணவர்கள் பொறுப்புகளுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். கடைசி ஆண்டில் இருப்பவர்களே எல்லாப் பதவியிலும் இருந்தால் அடுத்த ஆண்டு இந்த நோட்டைத் திறக்க ஆள் இருக்காது.

புதிய செயலாளர் பொறுப்பேற்றதும் முதலில் நிர்வாகத்துக்கு நினைவூட்டுக் கடிதம் கொடுத்துவிட்டு, நூலகத்து அக்காவைப் போய்ப் பார்க்க வேண்டும். காலை 7 மணிக்கு முன்னால் போனால் வாசலிலேயே இருப்பார்.