ஷிம்கென்ட்ல கிடைச்ச சொந்தக்காரங்களுக்கு

துபாய்ல என்கூட வேலை பாக்குற கசாக் நண்பனோட கல்யாணத்துக்கு அப்பாவையும் கூட்டிட்டு கஜகஸ்தான்ல இருக்கற ஷிம்கென்ட் போய்ட்டு வந்து ஒரு வாரம் ஆச்சு, அந்த பால் டீ ருசி இன்னும் நாக்குலயே நிக்குது.

மொதல் நன்றி நண்பனோட பாட்டிக்கு. அங்க பாட்டிய அபான்னுதான் கூப்பிடுறாங்க, நான் அப்பான்னு கூப்பிட்டா அவங்களும் சேந்து திரும்பி பாப்பாங்க. டீய அரை கப்புக்கு மேல ஊத்தவே இல்ல, என்னடா இவ்ளோ சிக்கனம்னு நெனச்சுட்டேன், அப்புறம்தான் தெரியுது, ரொப்பி குடுத்தா கெளம்பலாம்னு அர்த்தமாம், திரும்ப திரும்ப சூடா ஊத்தத்தான் கொஞ்சமா ஊத்துறாங்க. சாரி அபா.

அடுத்து சாப்பாட்டுல அப்பா பக்கத்துல உக்காந்த பெரியவருக்கு. வேகவச்ச ஆட்டுத்தலைய முழுசா கொண்டாந்து அப்பா முன்னாடி வச்சுட்டாங்க, மூத்த விருந்தாளிக்கு பண்ற மரியாதை. தகப்பன் உயிரோட இருக்கறவன் அதுல கத்தி வைக்கக்கூடாதாம், நான் தப்பிச்சேன். அப்பா கத்தியோட முழிக்க, பெரியவர் காதை தொட்டு காட்டி எதிர்ல இருந்த பொடியன காட்டினாரு, பெரியவங்க சொல்றத கேக்கணும்னு காது சின்னப் பசங்களுக்காம். அப்பா அறுத்து நீட்டினதும் அவன் ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டான். (அப்பா, மாவுப் பட்டையும் கறியுமா வச்சாங்களே அந்த பெஷ்பர்மாக், அது மேல வட்ட வட்டமா இருந்துச்சே, மட்டன்னு சொன்னேனே, அது குதிரைக்கறி. மன்னிச்சிருங்க.)

கடைசியா பக்கத்து வீட்டு அண்ணனுக்கு. ஏர்போர்ட்ல எங்க பெட்டி வந்து சேரல, கேக்காமயே அவரு கோட்டை கழட்டி அப்பாவுக்கு போட்டு விட்டாரு. மறுநாள் பெத்தாஷார், அதாவது பொண்ணு முகத்த தெறந்து காட்டுற சடங்கு, முக்காடு போட்ட பொண்ணு நிக்க, பாட்டுக்காரர் தோம்ப்ராங்கற ரெண்டு தந்தி வாத்தியத்த வாசிச்சுக்கிட்டே மாப்ள வீட்டு சொந்தங்கள ஒவ்வொருத்தரா சொல்லி பாடுறாரு, ஒவ்வொருத்தருக்கும் பொண்ணு குனிஞ்சு வணக்கம் வைக்குது, அவங்க பணம் போடுறாங்க. திடீர்னு பாட்டுல இந்தியான்னு கேட்டுச்சு, பாத்தா எங்களுக்கும் குனியுது! பாக்கெட்ல கார்டை தவிர ஒண்ணுமில்ல. அண்ணன் என் மூஞ்சிய கூட பாக்காம கைக்குள்ள 5000 டெங்கே (அவங்க ஊரு காசு) நோட்ட திணிச்சாரு.

திருப்பிக் குடுக்கப் போனா பணத்த வாங்கல, கல்யாண வீட்டுல எண்ணெய்ல பொரிச்ச பவுர்சாக் மாவு உருண்டையும் மிட்டாயும் ஒரு பை நெறைய குடுத்து அனுப்பிட்டாரு. ரஹ்மெத் அண்ணே, உங்க பாஷைலயே நன்றி. கோட்டு எங்ககிட்டதான் இருக்கு, ஏசி ரூம்ல அப்பா அதை கழட்டவே மாட்டேங்குறாரு.