மார்க் ஷீட்டில் நான் முதலில் பார்ப்பது

அன்புள்ள ஜெயா,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய உன் மகளின் பிளஸ் டூ மார்க் ஷீட்டை நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பார்த்தேன். "600-க்கு 402 எடுத்த பிள்ளை பி.எஸ்சி. நர்சிங்கில் தாக்குப்பிடிப்பாளா?" என்று கேட்டிருந்தாய். ஆமாம், இல்லை என்று பதில் போட மனசு வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

சீட்டுக்குத் தகுதி பற்றிப் பயப்படாதே. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து 45 சதவீதம் வாங்கி, ஆங்கிலத்தில் பாஸாகியிருந்தால் போதும். அதை அவள் தாண்டிவிட்டாள். எந்தக் கல்லூரி என்பது கவுன்சலிங்கில் தெரியும்.

நர்சிங் கல்லூரியில் இத்தனை வருஷம் டியூட்டராக இருந்த பழக்கம், நான் மொத்த மார்க்கைப் பார்ப்பதே இல்லை. தியரி மார்க் இருக்கும் கட்டத்துக்குத்தான் கண் போகும். உன் மகள் கெமிஸ்ட்ரியில் 61. அதில் பிராக்டிக்கல் 20, இன்டர்னல் 10. பெரும்பாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கிற மார்க்தான் அது. அதைக் கழித்தால் 70-க்கு 31. பாதிகூட இல்லை. பள்ளியில் தியரியில் 15 எடுத்து, மொத்தம் 35 வந்துவிட்டால் பாஸ். எங்கள் நர்சிங் படிப்பில் தியரியில் 50 சதவீதம், பிராக்டிக்கலில் தனியாக 50 சதவீதம் வேண்டும். ஒன்றில் விட்டதை இன்னொன்றில் பிடிக்க முடியாது. பிளஸ் டூவில் தட்டுத்தடுமாறிப் பாஸான பாடம்தான் இங்கே முதல் வருஷத்தில் அரியராக வந்து நிற்கிறது. இதை நான் ஒவ்வொரு பேட்சிலும் பார்க்கிறேன்.

பயாலஜி 78, அதாவது தியரியில் 48. அது எனக்கு நிம்மதி. முதல் செமஸ்டரில் வருகிற அனாட்டமி, பிசியாலஜிக்கு அந்த அடித்தளம் தாங்கும். இரண்டாவதில் பயோகெமிஸ்ட்ரி வரும்போதுதான் அந்த 31 வேலையைக் காட்டும். அப்புறம் மருந்துகளைப் பற்றிய பார்மகாலஜி வேறு இருக்கிறது.

மார்க்கில் தெரியாத ஒன்றும் உண்டு, ஜெயா. தமிழ் மீடியத்தில் நல்ல மார்க் வாங்கி வந்த பிள்ளைகள் முதல் இன்டர்னலில் சரிந்து, ஹாஸ்டலில் அழுதுகொண்டிருப்பார்கள். மண்ணீரல் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று கேட்டால் கடகடவென்று சொல்கிற பிள்ளை, கேள்வித்தாளில் ஸ்ப்ளீன் என்று பார்த்ததும் பேனாவை வைத்துவிடுகிறாள். அவளுக்குப் பாடம் தெரியும், பெயர்தான் தெரியாது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் "இதுக்கு இங்கிலீஷே வராது" என்று ஒதுக்குகிற ஆசிரியர்களைப் பார்த்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. அப்படிப்பட்ட பிள்ளைகளோடு தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் உட்கார்ந்து எலும்பு எலும்பாகப் பெயர் சொல்லவைத்தால், செமஸ்டர் முடிவதற்குள் தேறிவிடுகிறார்கள். பள்ளியில் வாங்கிய மார்க் வீண்போகவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

நான் அனாட்டமியில் ஃபெயிலானது உனக்கு நினைவிருக்கிறதா? ஹாஸ்டல் மொட்டை மாடியில் நீ என் தோளைத் தொட்டு "இது ஸ்கேபுலா, இது கிளாவிக்கிள்" என்று சொல்லிக்கொடுத்தாய். அன்றைக்கு நீ இல்லையென்றால் நான் ஊருக்கே திரும்பியிருப்பேன்.

வார்டுக்குப் போன பிறகு பழைய மார்க்கின் பிடி தளர்ந்துவிடும். மூன்றாம் வருஷத்தில் ஒரு பிள்ளை எப்படி வேலை செய்வாள் என்று அவளுடைய பிளஸ் டூ மார்க்கை வைத்து என்னால் சொல்ல முடிந்ததில்லை. நோயாளியிடம் எப்படிப் பேசுகிறாள், தெரியாததைத் தெரியாது என்று சிஸ்டரிடம் ஒத்துக்கொள்கிறாளா, இதெல்லாம் எந்த மார்க் ஷீட்டில் இருக்கிறது? ஆனால் கணக்கு மட்டும் விடாது. 500 மி.லி. ட்ரிப் நாலு மணி நேரத்தில் ஏற வேண்டும், ட்ரிப் செட்டில் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு என்றால் நிமிஷத்துக்கு 42 சொட்டு. பத்தாம் வகுப்போடு கணக்கை விட்ட பிள்ளைகள் இதில் திணறுகிறார்கள். உன் மகளும் கணக்கு இல்லாத குரூப்தானே? கல்லூரி திறப்பதற்குள் வகுத்தல், தசமம், சதவீதம் மூன்றையும் பழகச் சொல். கெமிஸ்ட்ரியில் அமிலம், காரம், பஃபர் வருகிற பாடங்களை மறுபடி படிக்கட்டும்.

பி.எஸ்சி. கிடைக்காமல் போனால் இடிந்துபோகாதீர்கள். ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமாவை மூன்று வருஷத்தில் முடித்து, பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருஷம் படிக்கலாம்.

உன் நைட் டியூட்டி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது என்றாயே. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வா. கெமிஸ்ட்ரி புத்தகத்தையும் கையோடு எடுத்து வரச் சொல். அந்த 31-க்கு எந்தப் பாடம் காரணம் என்று உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் ரூம்மேட்